மண்ணுக்கடியில் ஒரு காடு

தமிழில் புல்லுக்கு நற்பெயர் வாய்க்கவில்லை. புன்மை என்றால் இழிவு. புல்லர் என்றால் கீழ்மக்கள். அறிவின் சிறுமையைப் பேசும் குறள் அதிகாரத்திற்குப் புல்லறிவாண்மை என்றே பெயர். பழுத்த மரத்தை வள்ளலுக்கு உவமையாக்கிய நாம், புல்லின் பெயரைச் சிறுமைக்கு அடையாகத் தந்துவிட்டோம். ஆயினும் தொல்காப்பியர் இந்தப் பழிப்பில் பங்கு கொள்ளவில்லை. வயிரம் புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும், அகத்தே அமைந்தவற்றை மரம் என்றும் மரபியலில் அவர் பகுத்தார். அப்பகுப்பின்படி பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லின் பாற்படும் என்பர் உரையாசிரியர். மூங்கில் புல்லே என்பதை இன்றைய தாவரவியலும் ஒப்புகின்றது. இவ்விரண்டிற்கும் வலிமை உண்டு. அது தங்கும் இடந்தான் வேறு என்று இலக்கணம் நமக்குச் சொல்லுவதாகவே நான் கொள்கின்றேன்.

புல்லும் மரமும் ஒரே நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றை ஒன்று முற்றாக வெல்லாமல், பல இலட்சம் ஆண்டுகளாக வாழ்ந்துவரும் இடங்கள் உலகில் உண்டு. அவற்றைச் சவன்னா என்கின்றோம். கரீபியன் தீவுகளின் பழங்குடியினரான தாயினோ மக்களின் மொழியிலிருந்து, இஸ்பானியர் வாயிலாக உலகிற்கு வந்த சொல் அது. தொடர்ந்து விரியும் புல்தரை, அதில் இடைவெளி விட்டு நிற்கும் மரங்கள், ஓராண்டிலேயே மாறி வரும் மழைக்காலமும் வறட்சிக்காலமும் ஆகியவை அதன் அடையாளங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி, பிரேசில் நாட்டின் செராடோ, வட ஆஸ்திரேலியா, இந்தியாவின் தக்காணப் பகுதிகள் என்று உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய நிலமாகும்.

நான் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய காலத்தில் ஒரு நாள் ஆப்பிரிக்கப் புல்வெளியின் படத்தை வகுப்பில் மாட்டியிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “அங்கேதான் மழை பெய்கிறதே ஐயா, பிறகு ஏன் காடு வளரவில்லை?” என்று கேட்டாள். பாடநூலில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. ஆனால் அறிவியலாளரைப் பல்லாண்டு அலைக்கழித்த கேள்வியும் அதுவே. அதன் விடையைத் தேடிப் படித்ததில் நான் பெற்ற இன்பம் பெரிது. அதை ஆசிரிய நண்பர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றோர்க்குப் புல் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது லாலாங். இளம் பால்மரக் கன்றுகளின் ஊட்டத்தைப் பறிக்கும் பகையாகவே அதனை நாங்கள் அறிந்திருந்தோம். என் தந்தையார் மண்வெட்டியால் அதன் நிலத்தடித் தண்டினைத் தோண்டி எடுத்துக் காட்டுவார். வெண்மையான நிறம், நெருங்கிய கணுக்கள், ஊசி போன்ற நுனி. ஒரு கணு மண்ணில் தங்கிவிட்டாலும் போதும், மீண்டும் முளைத்துவிடும். வறண்ட மாதங்களில் தோட்டத்து எல்லையில் லாலாங் காடு தீப்பற்றி எரிவதுண்டு. மறுநாள் அங்குக் கருஞ்சாம்பல் மட்டுமே இருக்கும். ஒரு வாரம் கழித்துப் போனால் அச்சாம்பலைத் துளைத்துக்கொண்டு பச்சை நுனிகள் வரிசை வரிசையாக நிற்கும். தீ தீண்டியது அதன் மேலாடையை மட்டுமே என்பதும், உயிர் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது என்பதும் சிறு வயதிலேயே எனக்கு விளங்கிய உண்மைகள். சவன்னாவைப் புரிந்துகொள்ள அந்த அறிவே திறவுகோல் ஆயிற்று.

புல்லினம் மிகப் பழமையானது. மகாராட்டிரத்தில் கிடைத்த, 6.5 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட டைனோசர் சாணப் படிவங்களில் புல்லின் சிலிக்கத் துகள்கள் இருந்ததை 2005-ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். ஆயினும் அன்று புல் உலகை ஆளவில்லை. காடுகளின் ஓரத்தில் ஒதுங்கி வாழ்ந்தது. பின்னர் வானிலை மாறியது. காற்றில் கரியமில வாயுவின் அளவு படிப்படியாகக் குறைந்தது. பல பகுதிகளில் மழை ஆண்டு முழுதும் பெய்வதை விட்டுப் பருவத்தில் மட்டும் பெய்யலாயிற்று. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன், சில புல்லினங்கள் உணவு ஆக்கும் முறையிலேயே ஒரு புதுமையைக் கண்டன.

அந்தப் புதுமையைச் சற்று விளக்க வேண்டும். எல்லாப் பச்சை இலைகளும் கரியமில வாயுவைப் பற்றி, வெயிலின் துணையால் உணவு சமைக்கின்றன. அதனைப் பற்றும் நொதிக்கு ஒரு குறை உண்டு. வெப்பம் மிகும்போதும் கரியமில வாயு குறையும்போதும் அது அடிக்கடி ஆக்சிஜனைப் பற்றிவிடும். செய்த உழைப்பில் ஒரு பகுதி வீணாகும். புதிய புற்களோ, வாயுவை முதலில் வெளியறைகளில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட அமிலமாகப் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள உள்ளறைகளுக்குக் கொண்டு சென்று, அங்கே செறிவாக விடுவித்தன. நொதி தடுமாற வழியில்லாமற் போயிற்று. இலைத்துளைகளை அகலத் திறக்கத் தேவையில்லாததால் நீரும் மிச்சமாயிற்று. கடும் வெயிலே அப்புல்லுக்கு விருந்து. ஆனால் நிழல் அதற்கு ஆகாது.

இவ்வுண்மை வெளிப்பட்டது கரும்பின் இலையில். ஹவாய்த் தீவின் கரும்பு ஆய்வாளர்கள் முதற்குறிப்பைக் கண்டனர். 1966-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹேட்ச், சிலேக் என்னும் இருவர் அதனை முழுமையாக விளக்கினர். கரும்பும் ஒரு புல்லே. ரப்பர் வருவதற்கு முன், 19-ஆம் நூற்றாண்டில், இன்றைய செபராங் பிறைப் பகுதியின் கரும்புத் தோட்டங்களில் உழைக்கவே நம் முன்னோர் பலர் கடல் கடந்து கொண்டுவரப்பட்டனர். அவர்கள் வெட்டிச் சுமந்த அந்தத் தண்டினுள் சவன்னாவின் பிறப்பு இரகசியம் ஒளிந்திருந்தது என்று எண்ணும்போது எனக்கு வியப்பு மேலிடுகின்றது.

இம்முறை தோன்றியவுடன் புல்வெளிகள் பரவிவிடவில்லை. ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கும் 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா ஆகிய கண்டங்களில் அவை விரிந்தன. பாகிஸ்தானின் வடக்கே உள்ள சிவாலிக் படிவுகளில் பழைய மண்ணும் விலங்குகளின் பற்களும் இதற்குச் சான்று கூறுகின்றன. இவ்வகைப் புற்கள் கார்பன்-13 என்னும் எடை மிகுந்த கார்பனை மற்றச் செடிகளைவிடச் சற்று அதிகமாக ஏற்கும். அதனைத் தின்ற விலங்கின் பல்லிலும் அந்த அடையாளம் பதிந்துவிடும். பல்லை ஆராய்ந்து, அவ்விலங்கு மரத்தழை தின்றதா புல் மேய்ந்ததா என்று இன்று கூறிவிட முடிகின்றது.

இனி, மாணவியின் கேள்விக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டில் மகேஷ் சங்கரன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஆப்பிரிக்காவின் 854 இடங்களில் திரட்டப்பட்ட தரவுகளை ஒப்பிட்டனர். ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடங்களில், மரங்களின் அளவை மழையே வரையறுக்கின்றது. அதற்கு மேல் மழை பெய்யும் இடங்களிலோ, மரங்கள் நெருங்கிக் காடாகும் அளவிற்கு நீர் உண்டு. அங்கே அவற்றைத் தடுத்து நிறுத்துபவை தீயும் விலங்குகளின் வாயுமே. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1954-ஆம் ஆண்டு முதல் சில நிலத்துண்டுகளைக் குறித்த இடைவெளிகளில் எரித்தும், சிலவற்றைத் தீப்படாமல் காத்தும் வருகின்றனர். மழை மிகுந்த பகுதியில், தீப்படாத துண்டுகளில் மரங்கள் அடர்ந்துவிட்டன. உலகில் தீயே இல்லை எனக் கொண்டு 2005-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மற்றொரு கணக்கு, அடர்காடுகளின் பரப்பு இரு மடங்காகும் என்று காட்டியது.

புல்லுக்கும் தீக்கும் உள்ள உறவு ஆழமானது. மழைக்காலத்தில் விரைந்து வளரும் புல் வறட்சியில் காய்ந்து விறகாகின்றது. மின்னல் ஒன்று போதும், வெளி முழுதும் எரியும். மரக்கன்று கருகும், புல் மீளும். வெயில் தடையின்றி விழ, மேலும் புல் வளரும். அது மேலும் தீயை அழைக்கும். மறுபுறம், மரங்கள் ஒருமுறை நெருங்கிக் குடை பிடித்துவிட்டால் நிழலில் புல் மடியும், விறகின்றித் தீ நுழையாது, காடு நிலைபெறும். ஆகவே ஒரே மண், ஒரே மழை இருந்தும், ஓரிடம் காடாகவும் அடுத்த இடம் சவன்னாவாகவும் நிலைத்திருக்கக் கூடும்.

மண்ணுக்கும் இதில் பங்குண்டு. செரெங்கெட்டியின் தென்கிழக்குச் சமவெளியில் எரிமலைச் சாம்பல் படிந்து, கீழே சுண்ணாம்புப் பாறை போல் இறுகிக் கிடக்கின்றது. மரத்தின் வேர் அதனைத் துளைக்க இயலாது; அங்குக் குட்டைப் புல்லே அரசாளும்.

விலங்குகளின் பங்கினை விளக்க அதே செரெங்கெட்டியின் வரலாறு போதும். 1880-களின் இறுதியில் ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோய் ஆப்பிரிக்காவில் புகுந்தது. வளர்ப்பு மாடுகளோடு, வில்டபீஸ்ட் எனப்படும் மேய்ச்சல் விலங்குகளும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. பின்னர் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதால், 1960-களின் தொடக்கத்தில் வில்டபீஸ்ட்டுகளையும் அந்நோய் விட்டகன்றது. 1961-இல் இரண்டரை இலட்சம் அளவில் இருந்த அவை 1970-களின் இறுதியில் 13 இலட்சத்தைத் தாண்டின. அத்தனை வாய்களும் புல்லை மேய்ந்தன. தீக்கு இரை குறைந்தது. எரியும் பரப்பு சுருங்கியது. நெடுங்காலம் தலைதூக்க இயலாதிருந்த மரக்கன்றுகள் ஓங்கின. மாட்டுக்குப் போட்ட ஊசி மரத்தை வளர்த்தது என்றால் நம்புவது அரிது. ஆயினும் நடந்தது அதுதான். அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய நிலத்தில் வாழக் கற்றுக்கொண்ட செடிகளின் திறம் போற்றத்தக்கது. மரம் கிளையின் நுனியில் வளரும். நுனி போனால் வளர்ச்சி தடைப்படும். புல்லின் வளர்ச்சிப் புள்ளியோ அடியில், மண்ணை ஒட்டி இருக்கின்றது. மேயும் விலங்கும் எரியும் தீயும் பழைய இலையைத்தான் கொண்டுபோகின்றன. அதன் இலையில் படிந்துள்ள சிலிக்கத் துகள்கள் மேய்வோரின் பற்களைத் தேய்க்கின்றன.

மரங்களும் பின்தங்கவில்லை. செராடோ மரங்கள் தக்கை போன்ற தடித்த பட்டையைப் போர்த்துக்கொள்கின்றன. தீயின் சூடு உள்ளே எட்டுவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் கருவேல இனம் ஒன்று, தன் முட்களின் அடியைப் பந்து போல் பருக்க வைத்து எறும்புகளுக்கு வீடாகத் தருகின்றது. யானை துதிக்கையை நீட்டினாலும் எறும்புகள் படை திரண்டு விரட்டிவிடும். அம்முள்வீடுகளின் துளை வழியே காற்று புகும்போது சீழ்க்கையொலி எழும். எனவே அம்மரத்தைச் சீழ்க்கை முள்மரம் என்றே அழைக்கின்றனர். மற்றும் பல மரக்கன்றுகள், ஆண்டுதோறும் தீயில் தலை கருகிக் கருகி, முழங்கால் உயரத்திலேயே நிற்கும். பார்ப்பவர் ஓராண்டுக் கன்று என்பர். கீழே அதன் வேரோ பல்லாண்டுச் சேமிப்புடன் பருத்திருக்கும். தீயில்லாத சில ஆண்டுகள் வாய்த்தால், சேர்த்து வைத்த வலிமையெல்லாம் திரட்டி ஒரே மூச்சில் தீநாக்கு எட்டாத உயரத்திற்கு அது எழுந்துவிடும்.

இவற்றிலும் வியப்பானவை, மேலே எழுவதையே கைவிட்ட மரங்கள். ஆப்பிரிக்காவிலும் செராடோவிலும் சில இனங்கள் தண்டையும் கிளையையும் மண்ணுக்குள் பரப்பிக்கொண்டு, இலையையும் பூவையும் மட்டும் வெளியே நீட்டுகின்றன. நெடிய காட்டு மரங்களின் நெருங்கிய உறவினர் அவை. பிராங்க் வைட் என்னும் தாவரவியலாளர் 1976-ஆம் ஆண்டில் அவற்றை ஆப்பிரிக்காவின் நிலத்தடிக் காடுகள் என்று பெயரிட்டு எழுதினார். அக்கட்டுரை வெளிவந்தது நம் சிங்கப்பூர்ப் பூமலையின் ஆய்விதழில் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி. நாம் குடும்பத்தோடு உலாவிய தோட்டத்தின் இதழ், எங்கோ இருக்கும் ஆப்பிரிக்க மண்ணுக்குள் மறைந்து கிடந்த காட்டினை உலகிற்குக் காட்டியது.

அப்படியானால் சவன்னா நமக்கு அயல்நாட்டுச் செய்திதானா? அதற்கும் விடை உண்டு. பத்துமலைப் படிகளை ஏறியவர்கள் அங்குள்ள வௌவால்களை அறிவர். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் குகைகளில் அடுக்கடுக்காகப் படிந்த வௌவால் எச்சத்தை ஆய்வாளர் எடுத்துச் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டனர். வௌவால் பூச்சியைத் தின்னும். பூச்சி இலையைத் தின்னும். இலையின் கார்பன் அடையாளம் எச்சம் வரை வந்து சேரும். கடைசிப் பனியூழிக் காலத்தில் தீபகற்ப மலேசியாவில் மழைக்காடு சுருங்கி, புல்வெளி விரிந்திருந்தது என்று அந்த எச்சம் கூறியது. இன்று பசுமை சூழ நிற்கும் அம்மலையைச் சுற்றி ஒரு காலத்தில் சவன்னாப் புல் அசைந்தது!

இன்னொரு உறவும் உண்டு. கம்பு, சோளம், கேழ்வரகு ஆகிய மூன்றும் ஆப்பிரிக்க மண்ணில் மனிதர் பழக்கிய புற்கள். பன்னெடுங்காலத்திற்கு முன்பே இந்தியாவை வந்தடைந்தவை. குறைந்த மழையில் விளைந்து தமிழகத்துக் கரிசலையும் செம்மண்ணையும் அவை வாழவைத்ததற்குக் காரணம், மேலே கூறிய அந்த இலைத் தொழில்நுட்பமே. என் அன்னையார் தோட்டத்து வீட்டில் காய்ச்சித் தந்த கேழ்வரகுக் கூழ், புல்லைப் பழிக்கும் நாவிற்கு அந்தப் புல்லே இட்ட உணவு அன்றோ?

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டு லாலாங் வெளி, சவன்னா ஆகாது. இங்கே பெய்யும் மழைக்குக் காடே இயல்பு. காட்டை அழித்து அடிக்கடி எரித்த இடத்தில் லாலாங் பரவுகின்றது; எரிக்காமல் விட்டால் புதரும் மரமும் எழுந்து நிழலால் அதனை அடக்கிவிடும். அங்கு வாழ்வது பெரும்பாலும் ஒரே புல். செராடோவிலோ 10,000-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன. அழிந்த காட்டின் தழும்பு ஒன்று. தானே முழுமையான பழம்பெரும் நிலம் மற்றொன்று. மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் புல்வெளிதான். பெருந்தீங்கு விளைவது அந்தப் பார்வையால்தான்.

செராடோவில் ஏறத்தாழ பாதி, சோயா வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. அமேசான் காட்டிற்காக உலகம் எழுப்பிய குரலில் ஒரு சிறு பகுதியும் அதற்காக எழவில்லை. அழிவது வெறும் புல்தானே என்னும் எண்ணமே காரணம். சாவோ பாவுலோ மாநிலத்தில் 1986 முதல் தீயைத் தடுத்துக் காத்த செராடோப் பகுதி ஒன்றில் மரங்கள் அடர்ந்தன. காடாகவே மாறிவிட்ட இடங்களில் தாவர இனங்கள் 27 விழுக்காடும் எறும்பு இனங்கள் 35 விழுக்காடும் குறைந்ததை 2017-இல் ஆய்வாளர் கண்டனர். ஆப்பிரிக்காவில் 2030-க்குள் 10 கோடி ஹெக்டர் நிலத்தை மீட்டெடுக்கும் திட்டம் ஒன்று 2015-இல் தொடங்கப்பட்டது. அதில் ஒரு பகுதி, இயல்பாகவே சவன்னாவாக உள்ள இடங்களில் மரம் நடுவதாக அமைந்திருப்பதைச் சூழலியலாளர் சுட்டிக்காட்டி எச்சரிக்கின்றனர். மரம் நடுவது நல்லறம். நானும் மாணவர்களோடு சேர்ந்து பள்ளி வளாகத்தில் பல கன்றுகள் நட்டிருக்கின்றேன். காடு இருந்த மண்ணில் அது கடனைத் திருப்பித் தருவதாகும். வெயிலை உண்டு வாழும் பழம்புல்லின் மீது நிழலைக் கவிப்பதோ, அதன் உயிரைப் பறிப்பதாகும். நிலத்தின் வரலாற்றை அறியாமல் செய்யும் நன்மை, தீமையாகவும் முடியக்கூடும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் பாடம் உண்டு. முழங்கால் உயரத்தில் நிற்கும் கன்றினைப் போன்ற மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றனர். தேர்வுத்தாள் காட்டுவது தரைக்கு மேலே தெரியும் உயரத்தை மட்டுமே. வறுமையும் வீட்டுத் துயரும் ஆண்டுதோறும் சுட்டுக்கொண்டிருக்க, அவர்களுக்குள் வேர் பருத்துக்கொண்டிருப்பதை எந்தத் தாளும் காட்டுவதில்லை. தீயில்லாத இரண்டு மூன்று ஆண்டுகளை அவர்களுக்குத் தேடித் தருவது நம் கடமையாகும்.

அறிவியல் பாடத்தில் செடியின் படம் வரையும்போது, பெரும்பாலும் கரும்பலகையின் அடியில் ஒரு கோடு இழுத்துத் தரை என்கின்றோம். அதன் கீழே நான்கைந்து வேர்களை ஒப்புக்குக் கீறி முடித்துவிடுகின்றோம். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டுகளில் அக்கோட்டினைப் பலகையின் நடுவுக்கு உயர்த்திவிட்டேன். கீழ்ப்பாதியை நிரப்பப் பிள்ளைகளுக்கு நெடுநேரம் பிடித்தது. கணுக்களையும் கிழங்கையும் கிளைத்த தண்டுகளையும் அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு வரைந்தனர். இதனைப் படிக்கும் ஆசிரியர்களும் அடுத்த பாடவேளையில் அந்தக் கோட்டினைச் சற்று உயர்த்தி இழுத்துப் பார்க்க வேண்டுகின்றேன்.